பந்தின் வயதைப் பார்த்து வீசுங்கள்: டெஸ்ட் ஆட்டத்தில் வேகப்பந்து வீச்சு

இருபது ஓவர் ஆட்டத்தில் நான்கு ஓவர் வீசிப் பழகியவர் முதல்முறை நான்கு நாள், ஐந்து நாள் ஆட்டத்துக்குப் போகும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குவார். பந்து புதிதாக இருந்தாலும் 60 ஓவர் அடி வாங்கியிருந்தாலும் ஒரே மாதிரி ஓடிவந்து ஒரே மாதிரி வீசுவார். டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர். 80 ஓவர் முடிந்த பிறகுதான் அடுத்த புதுப் பந்து கிடைக்கும். அதற்குள் பந்தின் பளபளப்பு போய்விடும், தையல் படிந்துவிடும், தோல் மிருதுவாகிவிடும், ஒரு பக்கம் சொரசொரப்பாகிவிடும். வேகப்பந்து வீச்சாளரின் வேலையும் கூடவே மாறிக்கொண்டே வர வேண்டும்.

காலையில், பந்தைத் தொடும் முன்

ரன்-அப்பை, அதாவது வீசும் முன் ஓடிவரும் தூரத்தை, காலடியால் எண்ணாதீர்கள். டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் உடம்பு இறுக்கமாக இருக்கும். அப்போது எண்ணுகிற பதினெட்டு காலடியும் மதியம் எண்ணுகிற பதினெட்டு காலடியும் ஒன்றல்ல. இரண்டு முனைகளிலும் தனித்தனியாக அளந்து, பந்தில்லாமல் மூன்று நான்கு முறை முழு வேகத்தில் ஓடிப் பாருங்கள். காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தால் எட்டு நீளும், நோ-பால் வரும். அடையாளத்தை அரை அடி பின்னால் தள்ளுங்கள். எதிர்க்காற்றில் அதே அளவு முன்னால் கொண்டு வாருங்கள்.

முன்காலின் ஏதாவது ஒரு பகுதி, தரையில் பட்டோ காற்றில் நின்றோ, பாப்பிங் கிரீஸ் என்ற முன்கோட்டுக்குப் பின்னால் இருந்தால் போதும் என்கிறது விதி. அந்த விளிம்பிலேயே வாழாதீர்கள். பாதி ஷூவாவது கோட்டுக்குப் பின்னால் விழும்படி அளவு வைத்துக்கொள்ளுங்கள். நோ-பால் பிரச்சினையின் வேர் ஆட்டத்தில் இல்லை, வலைப்பயிற்சியில் இருக்கிறது. அங்கே நடுவர் கிடையாது, ஒரு அடி தாண்டினாலும் யாரும் கேட்பதில்லை, அதுவே பழக்கமாகிவிடுகிறது. வலையிலும் கோடு போட்டு, யாரையாவது பார்க்கச் சொல்லி வீசுங்கள்.

முதல் 20 ஓவர்: தையல் நிமிர்ந்து நிற்கும்போது

புதுப் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம். தையல் ஆறு வரிசை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தையலின் இரு புறமும், நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டு வையுங்கள். கட்டைவிரலின் பக்கவாட்டு பந்துக்கு அடியில், தையலின் மேல். பந்துக்கும் உள்ளங்கைக்கும் இடையே வெளிச்சம் தெரிய வேண்டும். உள்ளங்கையில் அழுந்தினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். பந்து கையை விட்டுப் போகும்போது கடைசியாகத் தொடுவது அந்த இரண்டு விரல் நுனிகள்தான். அவை பின்புறமாக நேராகக் கீழிழுத்தால் பந்து பின்னோக்கிச் சுழன்று, தையல் தள்ளாடாமல் போகும். ஒரு விரல் பக்கவாட்டில் இழுத்தால் தையல் தட்டு போலப் புரளும், ஸ்விங் (காற்றில் வளைவது) செத்துவிடும்.

இதைச் சரிபார்க்க பிட்ச் தேவையில்லை. தரையில் மல்லாந்து படுத்து, மணிக்கட்டை மட்டும் சொடுக்கிப் பந்தை இரண்டு மீட்டர் மேலே எறியுங்கள். தையல் ஒரே கோடாகத் தெரிந்தால் சரி, மங்கலான பட்டையாகத் தெரிந்தால் விரல் எங்கோ இழுக்கிறது. தினம் ஐம்பது முறை செய்தால் போதும்.

வலக்கை மட்டையாளருக்கு அவுட்ஸ்விங் (அவரை விட்டு வெளியே வளைவது) வேண்டுமென்றால் தையலை முதல் ஸ்லிப்பை நோக்கிச் சற்றுச் சாய்த்து, பளபளக்கும் பக்கத்தை லெக் பக்கம் வையுங்கள். உள்ளே வளையும் இன்ஸ்விங்குக்குத் தையல் ஃபைன் லெக்கை நோக்கி, பளபளப்பு ஆஃப் பக்கம். காரணம் எளிது. தையல் சாய்ந்திருக்கும் பக்கத்தில் காற்று குலைந்து பந்தை ஒட்டியே அதிக தூரம் போகிறது; மறுபக்கத்தில் சீக்கிரமே விலகிவிடுகிறது. அதனால் பந்து தையல் காட்டும் திசைக்கே தள்ளப்படுகிறது. சாய்வு மிஞ்சினால் பந்து கையை விட்டதுமே வளைய ஆரம்பிக்கும், மட்டையாளர் நிதானமாகப் பார்த்து விட்டுவிடுவார். தாமதமாக வளைகிற பந்துதான் விளிம்பைத் தேடும்.

லெங்த்துக்கு, அதாவது பந்து விழும் தூரத்துக்கு, வருவோம். பெரும்பாலான பிட்ச்களில் மட்டையாளரின் ஸ்டம்பிலிருந்து சுமார் 6 முதல் 8 மீட்டரில் விழும் பந்துக்குத்தான் முன்னே போவதா பின்னே போவதா என்ற குழப்பம் வரும். பயிற்சியில் 6, 8 மீட்டரில் இரண்டு கோடு போட்டு, 24 பந்து வீசி, எத்தனை உள்ளே விழுந்தன என்று எழுதி வையுங்கள். பதினாறு விழுந்தால் டெஸ்ட் ஆட்டத்துக்கு நெருங்கிவிட்டீர்கள். எல்லாப் பந்தும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்துக் குறி பார்ப்பது ஏமாற்று.

ஆட்டத்தில் கோடு இருக்காது. மட்டையாளரின் ‘லீவ்’ தான் அளவுகோல். உங்கள் பந்தை அவர் மட்டையைத் தூக்கி நிம்மதியாக விட்டால், ஸ்டம்புக்கு மேலே போகும் என்று நம்பித்தான் விடுகிறார். மட்டையாளர் பக்கமாக ஒரு அடி முன்னே போடுங்கள். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிறது என்று நம்பி விட்டால் லைனை (பந்து போகும் திசையை) உள்ளே கொண்டு வாருங்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் ‘அதிர்ஷ்டம் இல்லை’ என்று தலையில் கைவைத்து நிற்பவர்கள் நிறையப் பேர். மட்டையைத் தாண்டித் தாண்டிப் போவது பார்க்க அழகுதான், ஆனால் அது பெரும்பாலும் லெங்த் குறைவு என்பதற்கான அறிகுறி.

2020 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் சுருண்டபோது ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட் 8 ரன்னுக்கு 5, கம்மின்ஸ் 21 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார்கள். அந்த வீடியோவில் மாயப்பந்து தேடாதீர்கள். ஆஃப் ஸ்டம்பை ஒட்டி, அதே லெங்த்தில், ஆடியே ஆக வேண்டிய பந்துகள்தான் வரிசையாக வரும்.

இடக்கை மட்டையாளர்களுக்கு ரவுண்ட் தி விக்கெட் (ஸ்டம்பின் மறுபக்கமாக) வந்து ஸ்டம்பை நோக்கி உள்ளே கோணம் வைத்து, அங்கிருந்து நேராக நிற்கவோ வெளியே போகவோ வையுங்கள். 2019 ஆஷஸில் இங்கிலாந்தின் பிராட் இந்த ஒரு வழியிலேயே ஆஸ்திரேலியாவின் வார்னரை ஏழு முறை வெளியேற்றினார்.

ஸ்விங் வராத நாளில் ‘வாபிள் சீம்’ போடலாம். இரண்டு விரலையும் கொஞ்சம் அகட்டிப் பிடித்து, பிடியைத் தளர்த்தி விடுங்கள். தையல் ஆடிக்கொண்டே போய் விழும். எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்கே தெரியாது, மட்டையாளருக்கு எப்படித் தெரியும்? 700 டெஸ்ட் விக்கெட் தாண்டிய ஆண்டர்சனே பிற்காலத்தில் இதைப் பெரிதும் நம்பினார்.

20 முதல் 50: யாரும் விரும்பாத ஓவர்கள்

கூக்கபுரா நிறுவனப் பந்தில் இந்தக் கட்டம் சீக்கிரமே வந்துவிடும், தையல் படிந்துபோகும். டியூக்ஸ், எஸ்ஜி இரண்டிலும் ஆறு வரிசையும் கையால் தைத்தவை என்பதால் தையல் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். எதுவானாலும் இப்போது உங்கள் வேலை ரன்னைக் கட்டுவது. ஒரு முனை வறண்டால் மறுமுனையில் விக்கெட் விழும். பேர் வேறொருவருக்குப் போகும், பழகிக்கொள்ளுங்கள்.

பவுன்சர் திட்டம் இருந்தால் இங்கேதான். தோளுக்கு மேல் ஓவருக்கு இரண்டுதான் அனுமதி, எனவே பெரும்பாலானவை விலா எலும்புக்கும் தோளுக்கும் நடுவே வர வேண்டும். லெக் பக்கம் ஸ்கொயருக்குப் பின்னால் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. ஒருவரை லெக் கல்லியிலும் ஒருவரை எல்லைக்கோட்டில் ஃபைன் லெக்கிலும் வைத்தால், மூன்றாமவர் ஸ்கொயருக்கு முன்னால்தான். ஷார்ட் லெக் அவசியம். இந்த ஸ்பெல் (ஒரே மூச்சில் வீசும் ஓவர்கள்) நான்கு ஓவரைத் தாண்டக் கூடாது; ஐந்தாவது ஓவரில் வேகம் குறைந்து, அதே பந்து புல் ஷாட்டுக்குப் பரிசாகிவிடும்.

50 முதல் 80: பழைய பந்தின் இரண்டாம் பிறவி

ரிவர்ஸ் ஸ்விங் (பழைய பந்து எதிர்த்திசையில் வளைவது) தானாக வராது, முதல் ஓவரிலிருந்தே அணி முழுக்கச் சேர்ந்து வளர்ப்பது. பளபளப்பாக்கும் வேலையை ஒரே ஆளிடம், கை வியர்க்காதவரிடம், கொடுங்கள். வியர்வை ஒரு பக்கத்துக்கு மட்டும். மறுபக்கத்தில் ஒரு சொட்டு ஈரம்கூடப் படக் கூடாது. ஃபீல்டர்கள் உள்ளங்கையில் பொத்தி எடுத்துவராமல் தையலைப் பிடித்துக் கைமாற்ற வேண்டும். எச்சில் 2020-ல் தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டு, 2022 அக்டோபரிலிருந்து நிரந்தரமாகிவிட்டது. நகத்தால் கீறுவது, தையலைத் தூக்குவது, முகக் கிரீமைத் தடவுவது எல்லாம் ஐந்து ரன் அபராதத்தில் போய் நிற்கும்.

சொரசொரப்பான பந்து வேகமாகப் போகும்போது இரு பக்கமும் காற்று முன்கூட்டியே குலைந்துவிடுகிறது. அப்போது தையல் எதிர்வேலை செய்து, பந்து பளபளப்பான பக்கத்தை நோக்கி வளைகிறது. அதாவது அவுட்ஸ்விங்குக்குப் பிடித்த அதே பிடியில் பந்து உள்ளே வரும். லெங்த்தை முன்னே கொண்டுபோங்கள். வளைவு கடைசி நேரத்தில்தான் வரும் என்பதால் குட்டையாகப் போட்டால் வீண். ஸ்லிப்பில் ஒருவரைக் குறைத்து ஷார்ட் மிட்விக்கெட்டில் நிறுத்தலாம். ரன்-அப்பில் பந்தை இடது கையால் மூடிக்கொண்டு வருவது நாடகம் இல்லை, எந்தப் பக்கம் பளபளப்பு என்று பார்த்துவிட்டால் மட்டையாளருக்குப் பாதி வேலை முடிந்தது.

கடைசி மட்டையாளர்களுக்குப் பவுன்சர் போட்டு, ஃபீல்டைப் பரத்தி, 60 ரன் கொடுப்பது எல்லா மட்டத்திலும் நடக்கிற பாவம். ஸ்டம்பைக் குறிவையுங்கள்.

80-க்குப் பிறகு

புதுப் பந்து கிடைத்தவுடன் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. 2025 ஓவல் டெஸ்டின் கடைசிக் காலையில் இந்தியாவுக்குச் சில ஓவர்களிலேயே புதுப் பந்து கிடைத்தது. ஆனால் பழைய பந்து நன்றாக நகர்ந்துகொண்டிருந்ததால் அதையே தொடர்ந்தார்கள். 86-வது ஓவரில் சிராஜ் அட்கின்சனின் ஸ்டம்பைப் பெயர்க்க, வெற்றி 6 ரன்னில். புதுப் பந்து கடினமானது, விளிம்பில் பட்டாலும் வேகமாக எல்லைக்கு ஓடும். காக்க ரன் குறைவாக இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். நாளின் கடைசி ஐந்து ஓவரில் எடுப்பதாக இருந்தால், அதற்கு முன்பு முதன்மை வீச்சாளர்கள் இருவருக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். களைத்த கையில் புதுப் பந்து வீண்.

ஸ்பெல்லும் முதுகும்

புதுப் பந்தில் ஐந்தாறு ஓவர், பிறகு நான்கு நான்காக. மூன்று வேகப்பந்து வீச்சாளர்கள் இருந்தால் ஒருவருக்கு நாளில் 15 முதல் 18 ஓவர். ஒரு ஸ்பெல் எப்போது முடிகிறது என்பதற்கு ஓவர் கணக்கைவிட நல்ல அடையாளம் கீப்பர். நான்காவது ஓவரில் அவர் ஒரு எட்டு முன்னே வந்து நின்றால் உங்கள் வேகம் குறைந்துவிட்டது. விதிவிலக்கு, மட்டையாளர் உங்களிடம் திணறிக்கொண்டிருக்கும்போது. 2008 பெர்த்தில் கேப்டன் கும்ப்ளே மாற்ற நினைத்த இஷாந்துக்கு சேவாக் சொல்லி இன்னொரு ஓவர் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் பான்டிங் ஸ்லிப்பில் திராவிடிடம் பிடிகொடுத்தார்.

முன்கால் தரையில் விழும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை முதுகு வரை ஏறுகிறது. இடுப்பு நேராகவும் தோள் பக்கவாட்டிலும் திரும்பி நிற்கும் கலப்பு ஆக்‌ஷன் இளம் வீச்சாளர்களின் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழ முக்கியக் காரணம். பக்கவாட்டில் நின்று ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பின்கால் ஊன்றும் கணத்தில் இடுப்பும் தோளும் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று மட்டும் பாருங்கள். பார்க்கவில்லையென்றால் சீசன் நடுவே மாற்றாதீர்கள். சீசன் முடிந்து, நடந்தபடியே வீசிப் பழகித்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கமாக, பின்னால் சாயும்போது மட்டும் சுருக்கென்று வலித்தால் அது தசைவலி என்று தள்ளிப்போடாமல் வீச்சை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்பெல்லுக்கு இடையே எல்லைக்கோட்டில் நிற்கும்போது முழுக்கைச் சட்டையோ ஸ்வெட்டரோ போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு ஓவருக்கு ஒருமுறை இடுப்பைத் திருப்பி அசையுங்கள். அதிக நேரம் வெளியே போனால் அந்த நேரத்துக்கு ஈடாக மைதானத்தில் நின்ற பிறகே வீச முடியும் என்பதை மறக்காதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து முன்கால் விழும் இடத்தில் பள்ளம் விழும். அதில் கால் புரண்டால் கணுக்கால் போய்விடும், எனவே இடைவேளையில் மரத்தூள் போடச் சொல்லுங்கள். அப்படியும் இடறினால் கிரீஸில் ஒரு ஷூ அகலம் தள்ளி ஊன்றுங்கள், ஆனால் பின்கால் பக்கவாட்டுக் கோடான ரிட்டர்ன் கிரீஸைத் தொட்டுவிடாமல்.