திறந்தவெளி டிஸ்க் கோல்ஃப் மைதானத்தில் ஆடுவது எப்படி?

டிஸ்க் கோல்ஃப் என்றால், பந்துக்குப் பதில் தட்டையான டிஸ்க்கைக் கையால் வீசி, முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் கூடையில் போடும் ஆட்டம். மரமே இல்லையே, பலமாக வீசினால் போதும் என்று நினைத்துத்தான் பலரும் இங்கே ஸ்கோரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நல்ல வடிவமைப்பாளர் மரத்துக்குப் பதிலாகக் காற்றையும் சரிவையும் எல்லைக்கோட்டையும் வைத்திருப்பார். கோட்டைத் தாண்டினால் பொதுவாக 1 பெனால்டி, அதாவது ஸ்கோரில் ஒரு வீச்சு கூடும்.

டீயில் (முதல் வீச்சை வீசும் இடத்தில்) நின்றதும் கொஞ்சம் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டுப் பாருங்கள். எதிர்காற்றில் டிஸ்க் சட்டென்று சாய்ந்து திரும்பிவிடும், அதனால் அப்படி எளிதில் திரும்பாத ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்கை எடுத்து, முன்விளிம்பைத் தூக்காமல் தாழ்வாக வீசுங்கள். பின்காற்றில் நேர்மாறு: சீக்கிரமே கீழே இறங்கும், எளிதில் திரும்பும் அண்டர்ஸ்டேபிள் டிஸ்க்கைச் சற்று உயரமாக விடலாம்.

கூடை சரிவின் விளிம்பில் இருந்தால், 10 மீட்டருக்கு வெளியிலிருந்து நேராகக் குறிவைக்காமல் பக்கத்தில் இறக்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது; தவறிய டிஸ்க் சரிவில் உருண்டு ஓடிவிட்டால், அப்புறம் கூடையில் போடத் திரும்ப வீசும் பட் முதலில் வீசியதைவிட நீளம்.