ஆட்டுப்பால் சீஸ் போட்ட ரட்டடூயி: ஓவனில் வைக்கும்போது நடக்கும் தவறுகள்

ஓவனிலிருந்து எடுத்து ஆசையாகக் கரண்டி போட்டால் முதலில் வருவது தண்ணீர்தான். அதன் மேல் காய்கள் மிதக்கும், கத்தரிக்காயைக் கடித்தால் ரப்பர் மாதிரி இழுக்கும், சீஸ் ஓரமெல்லாம் வறண்டு மணல் மணலாக உதிர்ந்து கிடக்கும். ரட்டடூயியை பேக் செய்து பார்த்த பலருக்கும் இதுதான் நடக்கிறது, உடனே "இந்த பிரெஞ்சு சமையலே நமக்குச் சரிவராது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்க வேண்டிய உணவு இல்லை இது. காயின் தண்ணீரை எங்கே, எப்போது வெளியேற்றுவது, சீஸை எந்த நேரத்தில் உள்ளே விடுவது, இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

முதலில் நீங்கள் எதைச் செய்யப் போகிறீர்கள் என்பது தெளிவாக இருக்கட்டும். தெற்கு பிரான்ஸில் நீஸ் நகரத்து வீடுகளில் செய்யும் ரட்டடூயி அடுப்பின் மேல் மெதுவாக வேகும் ஒரு கூட்டு. கத்தரிக்காய், சுக்கினி (பார்வைக்கு வெள்ளரி போலிருக்கும் பூசணி வகைக் காய்), குடைமிளகாய், வெங்காயம், தக்காளி எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி, கவனமாகச் செய்பவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆலிவ் எண்ணெயில் வதக்கி, கடைசியில் ஒன்றுசேர்த்து வேகவிடுவார்கள். வட்டமாக நறுக்கி வரிசையாக அடுக்கி ஓவனில் வைப்பது ப்ரோவான்ஸ் பகுதியின் தியான் என்ற இன்னொரு உணவுக்கு நெருக்கமானது, அது வேகும் மண்சட்டிக்கும் அதே பெயர்தான். இன்று படங்களில் பார்க்கும் அந்த மெல்லிய, வண்ண வண்ண வட்ட அடுக்கு இன்னும் புதியது: சமையல்காரர் மிஷேல் கெரார் 1976-இல் வெளியிட்ட ஒரு வடிவத்தை, அமெரிக்காவின் தாமஸ் கெல்லர் 2007-இல் இதே பெயரில் வந்த அனிமேஷன் படத்துக்காக மாற்றியமைத்தார்.

இந்த வரலாறு எதற்கு என்றால், பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. கெல்லரின் முறையில் அந்த அடுக்கு சுமார் 135 டிகிரியில் மூடிய நிலையில் இரண்டு மணி நேரமும், அப்புறம் திறந்த நிலையில் அரை மணி நேரமும் வேகும். நாமோ படத்தை மட்டும் பார்த்துவிட்டு, பச்சைக் காய்களை அடுக்கி, 200 டிகிரியில் முப்பது நிமிடம் வைத்து, மேலே நிறம் வந்ததும் வெளியே எடுத்துவிடுகிறோம். மேலே கருகத் தொடங்கியிருக்கும், உள்ளே அரை வேக்காடு.

ஏன் வேகவில்லை என்பதற்கு விடை நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. காய் வேகும் முன் புளியை ஊற்றினால் காய் வேகாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லுவார்களே, அதேதான். காய்களின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் சூட்டில் கரைந்தால்தான் காய் மெத்தென்று ஆகும், புளிப்பு இருக்கும் இடத்தில் அது லேசில் கரையாது. ரட்டடூயியில் புளிக்குப் பதில் தக்காளி. பச்சைக் கத்தரிக்காயைத் தக்காளிச் சாறில் படுக்க வைத்து அடுக்கினால் அது வேகவே ரொம்ப நேரம் எடுக்கும். அதனால் ஒன்று, குறைந்த சூட்டில் மூடி வைத்து பொறுமையாக நேரம் கொடுங்கள். இல்லையென்றால் கத்தரிக்காய் வட்டங்களுக்கு மட்டும் எண்ணெய் தடவி 200 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் தனியாக ரோஸ்ட் செய்துவிட்டு அடுக்குங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழிதான். கத்தரிக்காயின் ஓரத்தில் வரும் அந்த லேசான பழுப்பு நிறம் தரும் சுவை, மூடி வேகவைப்பதில் கிடைக்கவே கிடைக்காது.

இனி தண்ணீர். சுக்கினி, தக்காளி, கத்தரிக்காய் மூன்றிலும் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் நீர்தான். ஒன்றரைக் கிலோ காயை ஒரு தட்டில் அடுக்கினால் எவ்வளவு நீர் உள்ளே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். அகலமான தட்டில் ஒரே அடுக்காக இருந்தால் அது ஆவியாகப் போய்விடும். ஆழமான பாத்திரத்தில் மூன்று அடுக்காகத் திணித்தால் போக வழி இல்லாமல் அடியில் தேங்கும். ஆகவே தட்டு அகலமாக இருக்கட்டும், பீங்கானோ கண்ணாடியோ, உயரம் ஐந்து சென்டிமீட்டர் போதும். கண்ணாடித் தட்டை முந்தின நாளே தயார்செய்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் அதை அப்படியே சூடான ஓவனில் தள்ளாதீர்கள், விரிசல் விடும்.

நறுக்கிய கத்தரிக்காயும் சுக்கினியும் உப்புத் தூவி அரை மணி நேரம் வடிதட்டில் இருக்கட்டும். அரைக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போதும். கசப்பு போவதற்காக என்று பல குறிப்புகளில் எழுதியிருப்பார்கள், இப்போது சந்தையில் வரும் பெரும்பாலான ரகங்களில் அவ்வளவு கசப்பு கிடையாது. உப்பு போடுவது நீரை இழுக்கத்தான். அதோடு, கத்தரிக்காயின் சதை ஸ்பாஞ்ச் மாதிரி காற்று அறைகள் நிறைந்தது, உப்பு பட்டதும் அந்த அறைகள் தளர்ந்து அமுங்கிவிடும், பிறகு எண்ணெயை முன்போல் குடிக்காது. வடிந்ததும் துணியிலோ டிஷ்யூவிலோ நன்றாக ஒற்றி எடுங்கள், அந்த உப்பைக் கணக்கில் வைத்து சாஸில் உப்பைக் குறையுங்கள். கத்தரிக்காய் நறுக்கினால் உடனே தண்ணீரில் போடும் பழக்கம் நமக்குக் கையோடு வந்தது. குழம்புக்கும் பொரியலுக்கும் அது சரி, இங்கே வேண்டாம். நிறம் கொஞ்சம் மாறினால் மாறட்டும், ஓவனில் எப்படியும் பழுப்பாகப் போகிறது.

எந்தக் காயை வாங்குவது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். சுட்டு மசித்து பர்த்தா செய்யும் பெரிய குண்டுக் கத்தரிக்காய் சில நேரம் விதை அடர்ந்திருக்கும், வட்டமும் மற்றக் காய்களோடு ஒட்டாது. நீள ஊதாக் கத்தரிக்காய் இதற்கு அருமையாகப் பொருந்தும், சுக்கினியின் சுற்றளவும் அதன் சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுக்கினி ஒரு சாண் நீளத்துக்கு மேல் போகாமல் பாருங்கள், பெருத்த சுக்கினியின் நடுவில் பஞ்சும் நீரும்தான் இருக்கும். அது கிடைக்கவில்லை என்று வெள்ளரிக்காயைப் போட வேண்டாம், குளமாகிவிடும். அடுக்குவதற்குச் சதைப்பற்றான பெங்களூர் தக்காளி. நாட்டுத் தக்காளியின் மணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அது சாறும் விதையுமாக இருப்பதால் அடியில் போடும் சாஸுக்குத்தான் ஏற்றது. எல்லாவற்றையும் நான்கைந்து மில்லிமீட்டர் தடிமனில் ஒரே சீராக நறுக்குங்கள். ஒன்று காகிதமாகவும் இன்னொன்று பஜ்ஜித் துண்டாகவும் இருந்தால் ஒன்று கரைந்த பிறகும் இன்னொன்று வெந்திருக்காது.

அந்தச் சாஸைப் பற்றி அதிகம் பேர் யோசிப்பதே இல்லை. வெங்காயத்தை ஐந்து நிமிடம் வதக்கி, தக்காளியை அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் தட்டில் பரப்பிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கேயும் போகாது. வெங்காயமும் சிவப்புக் குடைமிளகாயும் சிறு தீயில் இருபது நிமிடமாவது வதங்கி இனிப்பு இறங்க வேண்டும், அப்புறம்தான் பூண்டு, தக்காளி. கரண்டியால் கோடு இழுத்தால் அந்தக் கோடு அப்படியே நிற்கும் வரை சுண்ட வையுங்கள், தட்டில் ஒரு விரல் தடிமனுக்கும் குறைவாகப் பரப்புங்கள். இனிப்பை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், தக்காளி புளிப்பு, ஆட்டுப்பால் சீஸும் புளிப்பு. இரண்டுக்கும் நடுவில் நின்று சமன் செய்ய அந்த வெங்காயமும் குடைமிளகாயும்தான் இருக்கின்றன. பச்சைக் குடைமிளகாய் பழுக்காதது, அதில் கசப்புச் சாயல் உண்டு, ஆகவே சிவப்போ மஞ்சளோ எடுங்கள்.

சரி, சீஸுக்கு வருவோம்.

ஆட்டுப்பால் சீஸ் மொஸரெல்லா இல்லை. நூலாக இழுபடும் என்று எதிர்பார்த்து முதலிலேயே மேலே போட்டு முக்கால் மணி நேரம் ஓவனில் வைப்பதைவிடப் பெரிய தவறு இந்த உணவில் கிடையாது. மொஸரெல்லாவைப் பெரும்பாலும் ரென்னெட் என்ற நொதியைப் போட்டு உறைய வைக்கிறார்கள், அதில் புரதங்களைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கும், சூடானதும் அவை ஒன்றோடொன்று வழுக்கி இழுபடும். மென்மையான ஆட்டுப்பால் சீஸில் ரென்னெட் மிகக் கொஞ்சம், புளிப்புதான் பாலை மெல்ல உறைய வைக்கிறது. அந்தப் புளிப்பில் கால்சியம் கரைந்து போய்விடுகிறது. இழுபட ஒன்றும் இல்லை. அதனால் அது சூட்டில் இளகும், ஓரம் பழுக்கும், ஆனால் ஓடாது. சூடு தொடர்ந்தால் புரதம் இறுகித் தன்னிடமுள்ள நீரையும் வெளியே தள்ளிவிடும், மிஞ்சுவது அந்த மணல். பனீர் உருகாததற்கும் கிட்டத்தட்ட இதுதான் காரணம். ஆட்டுப்பாலில் செய்த கெட்டியான கௌடா போன்றவை நன்றாக உருகும்தான், அது வேறு வகை, சுவையும் வேறு.

ஆகவே காய் முழுசாக வெந்த பிறகுதான் சீஸ். 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் மூடி வைத்து, திறந்து கத்தி நுனியால் குத்திப் பாருங்கள், தடையில்லாமல் இறங்க வேண்டும். இறங்கினால் மூடாமல் இன்னும் கால் மணி நேரம் விட்டு நீரை வற்ற வையுங்கள். அப்போதும் ஓரத்தில் நீர் நின்றால் தட்டைச் சாய்த்துக் கரண்டியால் எடுத்து ஒரு சின்னப் பாத்திரத்தில் சுண்டவைத்து மேலேயே ஊற்றிவிடுங்கள், அதைக் கொட்டினால் சுவை போச்சு. பிறகு சீஸை வைத்து 200 டிகிரியில் எட்டிலிருந்து பத்து நிமிடம். சின்ன ஓடிஜி (மேசை மேல் வைக்கும் மின் ஓவன்) என்றால் சூடேறும் மேல் கம்பி தட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும், தட்டை ஒரு படி கீழே இறக்கி, ஐந்தாவது நிமிடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். விசிறி ஓடும் ஓவனில் நான் சொன்ன எல்லாச் சூட்டிலும் இருபது டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆட்டுப்பால் சீஸ் என்பதும் முக்கியம். தோலுள்ள உருளை வடிவச் சீஸ்தான் ஓவனுக்கு மிக வசதி, அந்தத் தோல் வட்டத்தைச் சிதறாமல் பிடித்துக்கொள்ளும். தோலைச் சாப்பிடலாம், சீவி எறிய வேண்டாம். பிரான்ஸின் லுவார் பகுதியில் செய்யும் செயின்ட்-மோர் த தூரேன் சீஸ் கிடைத்தால் நடுவில் ஒரு வைக்கோல் தண்டு செருகியிருக்கும், அதை உருவிவிட்டு நறுக்குங்கள், மேலிருக்கும் சாம்பல் பூச்சு உண்ணக்கூடியதுதான். அதே பக்கத்துக் குரோட்டான் த ஷவிஞ்ஞோல் சூட்டுக்கு நன்றாகத் தாங்கும், குறுக்கே இரண்டாக வெட்டி வைத்தாலே போதும். ப்ரோவான்ஸின் சொந்தச் சீஸ் ஆயிற்றே என்று, செஸ்ட்நட் இலையில் சுற்றி வரும் பானோனைத் தேடிப் பிடித்து ஓவனில் போடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது ஏற்கெனவே குழைந்து வழியும் சீஸ், ரொட்டியோடு அப்படியே சாப்பிட வேண்டியது. தோலில்லாத இளஞ்சீஸ் என்றால் முன்கூட்டியே துணியில் வைத்து நீரை வடித்துவிட்டு, நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக அங்கங்கே வையுங்கள். டப்பாவில் வரும் ரொட்டியில் தடவும் ரகத்தில் நீர் அதிகம், வேறு பொருள்களும் கலந்திருக்கலாம், தவிர்ப்பது நல்லது. எதுவுமே கிடைக்காத ஊரில் இருந்தால் ஃபெட்டா போடலாம், செம்மறிப்பால் பெரும்பங்கு, உப்பு கூடுதல், ஆனாலும் குணம் இதற்கு நெருக்கம்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே நறுக்குங்கள், கத்தியைச் சுடுநீரில் நனைத்து, அல்லது ஒரு தடித்த நூலைச் சுற்றி இழுத்து. ஒரு கிலோ காய்க்கு 150 கிராம் தாராளம். இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று 300 கிராம் போட்டால் அந்த ஆட்டு வாசனை காயை முழுங்கிவிடும். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் தோலுள்ள மென்மையான சீஸை ஆவி பறக்கும் அளவுக்கு முழுவதும் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும், லிஸ்டீரியா கிருமி பயம் உண்டு. இளஞ்சூட்டில் வைத்து நிறுத்தாதீர்கள்.

மூடுவதற்கு அலுமினியத் தாளை நேராகத் தக்காளியின் மேல் படும்படி அழுத்தாதீர்கள், புளிப்பு அதை அரிக்கும், உணவில் உலோகச் சுவை ஏறும். முதலில் பேக்கிங் தாள், அதன் மேல் வேண்டுமானால் அலுமினியம்.

மூலிகையில் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. பிரெஞ்சுக் குறிப்பில் வரும் பே இலையும் நம் பிரிஞ்சி இலையும் ஒன்றல்ல. நம்முடையது பட்டை, கிராம்பு வாசனை உள்ள மரத்து இலை, அதைச் சாஸில் போட்டால் பிரியாணி ஞாபகம்தான் வரும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், தைம் மட்டும் போதும். தைம் சாஸிலேயே சேரலாம், பேசில் மட்டும் ஓவனை அணைத்த பிறகு கையால் கிள்ளிப் போட வேண்டும், முன்பே போட்டால் கறுத்து மணமிழந்துவிடும். நறுக்கிய பூண்டை அடுக்கின் மேலே தூவுவதும் வேண்டாம், கருகிக் கசக்கும், எண்ணெயில் நசுக்கிப் போட்டு அந்த எண்ணெயைத் தடவுங்கள்.

எடுத்ததும் பரிமாறாமல் கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள், சாறு கெட்டிப்பட்டு அடுக்கு உடையாமல் வரும். காய்கள் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், ப்ரோவான்ஸில் அதை ஆறிய நிலையிலேயே சாப்பிடுபவர்கள் உண்டு. ஆனால் இரண்டு முறை சூடேறிய ஆட்டுப்பால் சீஸ் நிச்சயம் வறண்டுவிடும். விருந்துக்கு முந்தின நாளே செய்வதாக இருந்தால் காயை மட்டும் முழுசாக வேகவைத்து வைத்துவிட்டு, சீஸை ஃப்ரிட்ஜிலேயே விட்டு, ஆட்கள் வந்து உட்காரும் நேரத்தில் காயை நன்றாகச் சூடாக்கி சீஸைப் போட்டு அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைச் செய்யுங்கள்.