பொருள் தெரிந்தும் பிழையாகும் ஆங்கில மரபுத்தொடர்கள்

ஆங்கில மரபுத்தொடர்களை ஒரு பக்கமும் அவற்றின் பொருளை எதிர்ப்பக்கமும் எழுதிவைத்து மனப்பாடம் செய்யச் சொல்வது, நம் பள்ளிகளும் போட்டித் தேர்வுக் கையேடுகளும் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் முறை. பொருத்துக வினாவுக்கு அது போதும். ஆனால் அதே தொடரை அலுவலகக் கடிதத்திலோ நேர்முகத் தேர்விலோ எடுத்தாளும்போது பிழை நேர்கிறது. அந்தப் பிழை பெரும்பாலும் பொருள் தெரியாமல் நேர்வதில்லை. தொடர் எந்தச் சொற்களோடு இறுகி நிற்கிறது, யாரிடம் சொல்லத்தக்கது, புகழ்ச்சியா இகழ்ச்சியா, எந்த நாட்டில் எப்படிப் புரிந்துகொள்ளப்படும் என்பவற்றை அந்த ஒரு வரிப் பொருள் சொல்வதில்லை என்பதால்தான் நேர்கிறது.

'கிக் தி பக்கெட்' என்பதை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் அதற்கு எதிரே 'இறத்தல்' என்று இருக்கும். தமிழில் காலமானார், இயற்கை எய்தினார், இறந்தார், செத்தான், மண்டையைப் போட்டான் என்று ஒரே நிகழ்வைச் சொல்லப் பல படிகள் இருக்கின்றன. இவற்றுள் எதை எங்கே சொல்வது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த வரிசையில் ஆங்கிலத் தொடர் நிற்பது 'மண்டையைப் போடுதல்' நிற்கும் இடத்தில்தான். ஆகவே, மேலாளரின் தந்தை நேற்றிரவு இறந்த செய்தியைச் சக ஊழியர்களுக்குத் தெரிவிக்கும் மின்னஞ்சலில் 'ஹிஸ் ஃபாதர் கிக்டு தி பக்கெட்' என்று எழுதினால், இலக்கணக் குறை ஒன்றும் இல்லாத அந்த வாக்கியம் படிப்பவர் முகத்தைச் சுளிக்க வைக்கும். அங்கே 'பாஸ்ட் அவே' என்பதே முறை. அதிலும் 'அவே' வர வேண்டிய இடத்தில் 'அவுட்' வந்துவிட்டால், அவர் மயங்கி விழுந்தார் என்று ஆகிவிடும்.

இந்த 'பாஸ்ட் அவுட்' தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. கல்லூரிப் படிப்பை முடித்ததை இப்படிச் சொல்வது இந்தியா முழுவதும் ஊறிப்போன வழக்கு. சென்னைப் பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதமியில் நடப்பது போன்ற 'பாஸிங் அவுட்' அணிவகுப்புகளில் இச்சொல் முறைப்படியே வழங்குகிறது. எனினும் அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் '2019-இல் பாஸ்ட் அவுட்' என்று கண்டால், அந்த ஆண்டில் இவர் எங்கோ மயங்கிக் கிடந்தார் என்றுதான் அங்குள்ளவருக்கு முதலில் தோன்றும். 'கிராஜுவேட்டட்' என்று எழுதிவிட்டால் சிக்கல் இல்லை.

அடுத்தது வடிவம். மரபுத்தொடரின் சொற்களை நம் விருப்பப்படி மாற்ற முடியாது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று, சிலவற்றை மாற்றலாம், சிலவற்றை மாற்றக் கூடாது. 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் இரகசியத்தை உடைத்தல். இதைச் செயப்பாட்டு வினையாக்கி 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றாலும் இரகசியம் உடைந்தது என்றே பொருள்படும். 'கிக் தி பக்கெட்' என்பதை அவ்வாறு திருப்பி 'தி பக்கெட் வாஸ் கிக்டு' என்றால், யாரோ வாளியை உதைத்தார்கள் என்பதைத் தவிர வேறு பொருள் மிஞ்சாது. முதல் தொடரில் பீன்ஸ் என்பது இரகசியம், சிந்துதல் என்பது வெளியிடுதல் என்று பகுதிக்குப் பகுதி பொருத்தம் காண முடிகிறது; இரண்டாவதில் வாளிக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. ஒரு தொடரை உருமாற்றும் முன் இந்தப் பொருத்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது ஓரளவு கைகொடுக்கும்.

சிறு சொற்களில் நேரும் பிழைகள் இதைவிட அதிகம். நன்றியுரைகளில் நாம் தவறாமல் கேட்கும் 'லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட்' என்பதில் அந்தத் 'தி' வேண்டியதில்லை. 'லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்' என்பதே நிலைபெற்ற வடிவம். 'கோப் வித்' என்பதோடு 'அப்' சேர்த்து 'கோப் அப் வித்' என்பதும் இவ்வகையே. ஒலி ஒன்றாக இருப்பதால் எழுத்தில் தவறுவதும் உண்டு. 'டோ தி லைன்' என்பது கோட்டில் கால்விரலை வைத்து ஒழுங்காக நிற்பது, அதாவது கட்டளைக்கு அடங்கி நடப்பது. அதைக் கயிறு கட்டி இழுப்பதைக் குறிக்கும் 'டோ'வாக எழுதுபவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் இருக்கிறார்கள். காதில் விழுந்ததை இப்படித் தமக்குப் பொருள்படும் வேறு சொல்லாக மாற்றிக்கொள்ளும் பிழைக்கு 'எக்கார்ன்' என்று 2003-ஆம் ஆண்டில் மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் பெயர் சூட்டினார். ஏகார்ன் என்னும் கருவாலிக் கொட்டையின் பெயரை 'எக்கார்ன்' என்று ஒருவர் எழுதிவந்ததே அப்பெயருக்கு மூலம்.

தமிழ் பேசுவோருக்கென்றே அமைந்த கண்ணிகள் சில உள்ளன. அவற்றுள் மோசமானது 'புல் சம்ஒன்ஸ் லெக்'. காலை இழுத்தல் என்றதும் நமக்குக் 'காலை வாருதல்' நினைவுக்கு வருகிறது. ஆனால் காலை வாருவது துரோகம். கூடவே இருந்து ஒருவரை வீழ்த்துவது. ஆங்கிலத் தொடரோ, இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லி விளையாட்டாக ஏமாற்றுவதை மட்டுமே குறிக்கிறது. பதவி உயர்வு கிடைக்காதபடி ஒருவர் சதி செய்தார் என்று மேலதிகாரியிடம் முறையிடும்போது 'ஹி புல்டு மை லெக்' என்று சொன்னால், நண்பர் ஏதோ வேடிக்கை செய்திருக்கிறார் என்று அவர் சிரித்துவிட்டுப் போவார். புகார் நகைச்சுவையாகிவிடும். 'கிவ் மீ எ ஹேண்ட்' என்பதும் அப்படித்தான். நாம் 'கை கொடு' என்பதை உதவிக்கும் கைகுலுக்கலுக்கும் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் அது உதவி, மேடையில் 'கிவ் ஹெர் எ பிக் ஹேண்ட்' என்றால் கைதட்டல், கைகுலுக்கல் மட்டும் ஒருபோதும் இல்லை. 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்பதைக் கண்மூடித்தனத்தோடு குழப்பிக்கொள்பவர்கள், கண்முன் நடப்பதைத் தெரிந்தே காணாததுபோல் விடுதல் என்ற அதன் உட்பொருளைத் தவறவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, 'லெண்ட் அன் இயர்' என்பதும் நம் 'காதுகொடுத்துக் கேள்' என்பதும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே தமிழ் இணையைத் தேடுவதே தவறு என்று சொல்ல மாட்டேன். தேடியது கிடைத்ததும் சரிபார்க்காமல் நின்றுவிடுவதுதான் தவறு.

புகழ்ச்சியும் இகழ்ச்சியும் இடம் மாறுவது வேலை தேடுவோருக்கு நேரடியாக இழப்பைத் தரும். 'கட் கார்னர்ஸ்' என்பதைச் சுற்றிவளைக்காமல் விரைந்து முடித்தல் என்று புரிந்துகொண்டு, அதைத் தம் திறமையாகச் சொல்பவர் உண்மையில் ஒப்புக்கொள்வது, செலவையும் உழைப்பையும் மிச்சப்படுத்த வேலையை அரைகுறையாகச் செய்வேன் என்பதை. 'ஹேண்ட் இன் கிளவ்' என்பதற்குக் கையேடுகள் 'நெருங்கிய ஒத்துழைப்பு' என்று பொருள் தருகின்றன. ஆனால் அது தீய நோக்கத்துக்காகக் கைகோத்துச் செயல்படுவதைக் குறிக்கவே மிகுதியும் வருகிறது. 'ஒப்பந்தக்காரரும் அதிகாரியும் ஹேண்ட் இன் கிளவ்' என்றால் செய்தித்தாள் வாசகருக்கு ஊழல் நாற்றம் அடிக்கும்.

காலப்போக்கில் பொருள் நகர்ந்துவிட்ட தொடர்களும் உண்டு. 1895-இல் பிரிட்டனின் 'பன்ச்' இதழில் ஜார்ஜ் டு மோரியர் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். ஆயரின் காலை உணவு மேசையில் அமர்ந்திருக்கும் இளநிலைப் பாதிரியாரின் முட்டை அழுகியிருக்கிறது. ஆயரே அதைச் சுட்டிக்காட்டியும், எதிர்த்துப் பேச அஞ்சிய அவர், இல்லை ஐயா, இதன் சில பகுதிகள் மிக நன்றாக இருக்கின்றன என்கிறார். முட்டையில் பாதி அழுகல், பாதி நன்று என்பது நடக்காத காரியம் என்பதே அந்த நகைச்சுவை. அதிலிருந்து பிறந்த 'கியூரேட்ஸ் எக்' இன்று நல்லதும் கெட்டதும் கலந்தது என்ற எளிய பொருளிலேயே பெரும்பாலும் வழங்குகிறது. பழைய பொருளைத்தான் கொள்ள வேண்டும் என்று அடம்பிடிப்பதில் பயனில்லை.

நாடு மாறினால் பொருள் தலைகீழாவதற்கு 'டேபிள்' என்ற வினைச்சொல் சிறந்த சான்று. பிரிட்டனில் ஒன்றை 'டேபிள்' செய்வது, விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவில் விவாதத்தை ஒத்திப்போட்டுக் கிடப்பில் வைப்பது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் தளபதிகள் அவசரமாகப் பேச விரும்பிய ஓர் ஆவணத்தை 'டேபிள்' செய்யலாம் என்று சொல்ல, அமெரிக்கத் தளபதிகள் அது முக்கியமானது, அப்படிச் செய்யவே கூடாது என்று மறுக்க, இரு தரப்பும் ஒரே கருத்தைச் சொல்லிக்கொண்டே நெடுநேரம் கடுமையாக வாதிட்டதை வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். நம் நாடாளுமன்ற வழக்கு பிரிட்டனைப் பின்பற்றுவதால், அமெரிக்க வாடிக்கையாளரோடு கூட்டம் நடத்தும் சென்னைப் பொறியாளருக்கும் இதே விபத்து நேரலாம். பிற வேறுபாடுகள் இவ்வளவு ஆபத்தானவை அல்ல: எதையும் அப்படியே நம்பிவிடாமல் ஏற்பதற்குப் பிரிட்டனில் 'பிஞ்ச் ஆஃப் சால்ட்', அமெரிக்காவில் 'கிரெய்ன் ஆஃப் சால்ட்'; சிறு விஷயத்துக்குப் பெரும் ஆரவாரம் செய்வதற்குப் பிரிட்டனில் 'ஸ்டார்ம் இன் எ டீகப்', அமெரிக்காவில் 'டெம்பெஸ்ட் இன் எ டீபாட்'. எதுவானாலும் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

தொடர்களின் பிறப்புக் கதைகளை நம்பிப் பரப்புவதும் தவிர்க்க வேண்டியதே. 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதற்கு, அந்நாளில் கூரை வேய்ந்த வைக்கோலில் உறங்கிய நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்தன என்றொரு விளக்கம் 1999-இல் மின்னஞ்சல் வழியாக உலகம் சுற்றியது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. உறுதியாகத் தெரிவது வேறொன்று: மேட்டுக்குடி அரட்டையில் புளித்துப்போன சொற்களைக் கேலி செய்து ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-இல் வெளியிட்ட நூலில் இத்தொடர் இருக்கிறது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே புளித்திருந்ததை நாம் இன்றும் முதல் பாடமாகக் கற்பிக்கிறோம். இன்றைய உரையாடலில், மழை கொட்டுகிறது என்னும் பொருளில் 'இட்ஸ் போரிங்' (pouring) என்று சொல்பவர்களே மிகுதி.

வெளிநாடு செல்ல ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வு எழுதுவோரிடம் இன்னொரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. பேச்சுத் தேர்வின் மதிப்பீட்டு விளக்கத்தில் 7-ஆம் நிலைக்கு 'இடியமேட்டிக்' சொல்வளம் கேட்கப்படுகிறது என்பதால், விடைக்கு நான்கு மரபுத்தொடர்களைத் திணித்துவிடுகிறார்கள். அங்கே அச்சொல் இயல்பான வழக்கு முழுவதையும் குறிக்கிறது, வாளியையும் பூனையையும் மட்டுமன்று. நடையும் சொற்சேர்க்கையும் அறிந்து பேச வேண்டும் என்பதையும் அதே வரியே சொல்கிறது. 'இன் தி லாங் ரன்', 'ஸோ ஃபார் ஸோ குட்', 'கீப் அன் ஐ ஆன்' போன்ற அடக்கமான தொடர்கள் எந்த அவையிலும் செல்லும் என்பதால், முதலில் பழக வேண்டியவை அவையே.

சரிபார்க்கும் வழி எளிதுதான். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, பிறமொழியினருக்கென்றே உருவாக்கி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதியே, 1948 முதல் ஆக்ஸ்போர்டு பதிப்பாகி, இன்றைய 'ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி' என்னும் மாணவர் அகராதியாக வளர்ந்தது. அதன் இணையப் பதிப்பில் எந்தத் தொடரைத் தேடினாலும், பொருளுக்கு முன்பு சிறிய சாய்வெழுத்தில் பேச்சுவழக்கு, பழைய வழக்கு, வேடிக்கை, கண்டனத் தொனி, பிரிட்டன், அமெரிக்கா என்பன போன்ற குறிப்புகள் தேவைக்கேற்ப இருக்கும். கீழே எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். பட்டியலைப் படித்தே பழகிய நம் கண், அந்தச் சாய்வெழுத்தைத் தாண்டி நேராகப் பொருளுக்குப் போய்விடுகிறது.