நகராட்சி வரைபடக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள நகராட்சிகளிலும் ஜிஐஎஸ் (கணினி வழி வரைபடத் தகவல்) பிரிவு தொடங்குகிறவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். காப்பு நகல் எடுங்கள், கடவுச்சொல்லைப் பகிராதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். இங்கே அவற்றை விட்டுவிடுகிறோம்.

முதல் பணியிடத்தை நிரலாளருக்குக் கொடுப்பது

மூன்று பணியிடம் ஒதுக்கப்பட்டால் இரண்டு நிரலாளருக்குப் போகிறது, ஒன்று மேலாளருக்கு. சில மாதங்களில் இணைய வரைபடம் தயாராகிவிடும், நகர மன்றத்தில் திரையிட்டுக் காட்டலாம். ஆனால் மனை எல்லைகளை நாள்தோறும் புதுப்பிக்க ஆளே இருக்காது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எங்களுக்கு எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். ஏனென்றால் இதற்கு விலை கொடுப்பவர்கள் வீட்டுக்காரர்கள்.

ஒரு கோயில் சங்கம் எர்ஃப் 512-ஐ (எர்ஃப் என்றால் பதிவான நகர மனை) இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கடைக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகராட்சி உட்பிரிவுக்கு அனுமதி தரும். நில அளவையர் வரைபடம் வரைவார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள சர்வேயர் ஜெனரல் (அரசின் தலைமை நில அளவையர்) அலுவலகம் அதை அங்கீகரிக்கும். அதன்பிறகு பத்திரப் பதிவு. விற்ற துண்டு 'போர்ஷன் 1' என்று புது எண் பெறும். கோயில் வைத்துக்கொண்ட மீதி நிலமோ பழைய எண்ணிலேயே தொடரும். சிக்கல் இங்கேதான். எண் மாறாததால் எல்லை சுருங்கியது யார் கண்ணிலும் படுவதில்லை.

வழிபாட்டுத் தலத்துக்கு 2004-ஆம் ஆண்டுச் சொத்து வரிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. வரைபடம் பழையதாகவே இருந்தால் அந்த விலக்கு கடையையும் சேர்த்து மூடிக்கொள்ளும். பின்னொரு நாள் மதிப்பீட்டாளர் வான்படத்தைப் பார்த்து, 'இந்த மனையில் கடை இருக்கிறதே' என்று முழு மனைக்கும் விலக்கை நீக்கினால் கோயிலுக்கு பில் வரும். கடைக்காரருக்கும் பல மாதத்து வரி ஒரே தாளில் வரும். இத்தகைய மாற்றங்களுக்காகத் துணை மதிப்பீட்டை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்கிறது 77-ஆம் பிரிவு. எந்த மனை மாறியது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் மதிப்பீட்டாளர் எதை வைத்துச் செய்வார்?

எனவே முதலில் எடுக்க வேண்டியவர் நிரந்தரப் பணியிலுள்ள மனைத் தரவுத் தொழில்நுட்பர். அவர் விடுப்பில் போனால் அதே வேலையைப் பார்க்கத் தெரிந்த இன்னொருவர் அடுத்து. நிரலாளர் மூன்றாவது. தொழில்நுட்பர் ஒவ்வொரு மனைக்கும் இரண்டு நிலைகளைத் தனித்தனியே குறிக்க வேண்டும்: 'வரைபடம் அங்கீகரிக்கப்பட்டது', 'பத்திரம் பதிவானது'. இரண்டுக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி விழலாம், பதிவு நடக்காமலே போவதும் உண்டு. அங்கீகாரம் வந்த உடனே தாய் மனையை, அதாவது பிரிப்பதற்கு முந்தைய முழு மனையை, அழித்துவிடுகிறார்கள் புதியவர்கள். பத்திரம் பதிவாகும் வரை சட்டப்படி இருப்பது தாய் மனைதான்.

மனைக் குறியீட்டுக்கு 21 இடங்கள்: பகுதிக்கு 8, மனை எண்ணுக்கு 8, போர்ஷனுக்கு 5. அதைத் துண்டாக்கி எக்செல்லில் எண்ணாகப் போட்டால் முன்னால் உள்ள சுழியங்கள் உதிர்ந்துவிடும், வரிப் பட்டியலோடு இணையாது. எப்போதும் எழுத்து வகையிலேயே சேமியுங்கள்.

லோ 31 தெரியாத நிரலாளரைத் தனியே விடுவது

தென்னாப்பிரிக்க அளவை முறையில் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களில் ஒய் மேற்கு நோக்கிக் கூடும், எக்ஸ் தெற்கு நோக்கிக் கூடும். டர்பன் பகுதிக்கு ஒய் சுழியமாகத் தொடங்கும் மைய ரேகை கிழக்கு 31 பாகை, 'லோ 31' என்பது இதுதான். டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த் அதற்கு மேற்கே இருப்பதால் ஒய் கூட்டல் குறி, நகர மையம் சற்றுக் கிழக்கே இருப்பதால் கழித்தல் குறி. குறியைத் தலைகீழாக வாசித்தால் சாட்ஸ்வொர்த் வீடுகள் இந்தியப் பெருங்கடலில் போய் விழும். அந்த அளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும். மைய ரேகையை ஒட்டிய மனைகளில் சில மீட்டர் மட்டும் தள்ளி விழும் பிழைதான் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். 1999 ஜனவரி 1-க்கு முந்தைய தாள்கள் 'கேப்' என்ற பழைய அளவை ஆதார முறையில் இருக்கும். இன்றைய முறைக்கு மாற்றாமல் மேலே போட்டால் இருநூறு மீட்டருக்கு மேல் விலகும். புது நிரலாளர் முதல் மாதம் தொழில்நுட்பர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வரைபடமாவது கையால் உள்ளிடட்டும்.

ஒப்பந்தக்காரரிடம் சர்வரை விடுவது

மூன்று நிதியாண்டுக்கு மேல் நீளும் ஒப்பந்தத்துக்கு நகராட்சி நிதிச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு தனி நடைமுறை கேட்கிறது. அதனால் பெரும்பாலும் மூன்று ஆண்டோடு முடித்துவிடுவார்கள். நான்காம் ஆண்டு தொடங்கும்போது போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபடத் தரவுத்தளத்தின் நிர்வாகி கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று தேடுவது பெரிய கொடுமை. மூல நிரல், அட்டவணை அமைப்பு, மாதாந்தரத் தரவு நகல் ஆகியவை நகராட்சிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்த நகலை உங்கள் ஊழியர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும். திறக்காத நகலை நம்பாதீர்கள்.

தொழில் பதிவுப் பிரிவு குறிப்பிடாத வேலை விளம்பரம்

2013-ஆம் ஆண்டு ஜியோமாட்டிக்ஸ் (நில அளவை, வரைபடத் துறை) தொழில் சட்டத்தின்படி தொழில்நுட்பர், தொழில்நுட்பவியலாளர், தொழில்முறையாளர் என்று தனித்தனிப் பதிவுகள் உண்டு. எது வேண்டும் என்று எழுதுங்கள்.

குழுவை நகரத் திட்டமிடல் துறைக்குள் அடைப்பது

அப்படிச் செய்தால் தண்ணீர்த் துறையும் மின் துறையும் வரைபடத்தின் தனித்தனி நகல் வைத்துக்கொள்ளும். குழுவை எல்லாத் துறைக்கும் பொதுவான இடத்தில் வையுங்கள்.

தலைவரே எல்லாத் திருத்தமும் செய்வது

வேண்டாம். திருத்துகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர்.