திறந்த இடத்திலேயே மூடுங்கள்

இரவு இரண்டு மணிக்கு எங்கள் ஜாவா சர்வர், திறந்த கோப்புகள் அளவுக்கு மீறிவிட்டன என்று சொல்லி நின்றுவிட்டது. நினைவகமோ பாதிக்கு மேல் காலி. காரணமே அதுதான்: பயன்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றும் ஜாவாவின் குப்பை சேகரிப்பான், நினைவகம் நெருக்கும்போதுதான் வேலையில் இறங்கும். லினக்ஸில் ஒரு புரோகிராமுக்கு வழக்கமாக இருக்கும் 1024 கோப்பு வரம்பு அதன் கண்ணில் படாது.

அன்றிலிருந்து, குளோஸ் செய்யவேண்டிய எதையும் டிரை என்ற சொல்லை அடுத்த அடைப்புக்குறிக்குள்ளேயே திறக்கிறேன். 2011இல் ஜாவா 7 தந்த அருமையான வசதி இது. பிழை எழுந்தாலும், நடுவில் ரிட்டர்ன் வந்தாலும், திறந்த வரிசைக்குத் தலைகீழாக எல்லாம் மூடப்படும். ஒவ்வொன்றுக்கும் தனி மாறி கொடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றைப் புதைத்து எழுதினால், வெளியே உள்ளது உருவாகும்போது பிழை வந்தால் உள்ளே திறந்தது அப்படியே கிடக்கும்.

எங்களைக் கவிழ்த்தது, கோப்பை வரி வரியாகப் படிக்கத் தரும் ஃபைல்ஸ் வகுப்பின் லைன்ஸ். பார்வைக்குச் சாதாரண ஸ்ட்ரீம். உள்ளுக்குள் ஒரு கோப்பைத் திறந்தே வைத்திருக்கும். அதையும் டிரைக்குள் வையுங்கள்.

குப்பை சேகரிப்பான் ஒரு பொருளை அகற்றும் முன் ஓட்டும் ஃபைனலைஸை நம்பவே வேண்டாம். அது எப்போது ஓடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஜாவா 9இலேயே அதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள்.

திருத்திய பிறகு, சர்வர் ஓடும்போதே, திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையைப் பத்து நிமிட இடைவெளியில் இருமுறை கொடுத்து எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஒரே கோப்பின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அதைத் திறக்கும் வரியைத் தேடிப் போங்கள்.