வேலையில் அடிபட்டால், ஒரிஜினல் பில்லைக் கொடுக்கும் முன் ஜெராக்ஸ்

மண்டபம் ஐஸ் கம்பெனியிலோ தொண்டி மீன் கம்பெனியிலோ வேலையில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், ஒரிஜினல் பில்களை இன்சூரன்ஸுக்கு அனுப்பும் முன் ஜெராக்ஸ் எடுத்து ஆஸ்பத்திரி முத்திரை வாங்கி வையுங்கள். இன்சூரன்ஸ் எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு கழித்தது என்று தரும் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். கழித்த தொகையை முதலாளியிடம் கேட்கலாம்.

1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் 2009இல் செய்த திருத்தப்படி, வேலையில் பட்ட காயத்துக்குத் தொழிலாளி செலவழித்த மருத்துவச் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இது இருக்கிறது. ஆனால் 'உண்மையில் செலவழித்தது' மட்டும்தான். இன்சூரன்ஸ் கட்டியதை மறுபடி கேட்க முடியாது. முதல்வர் காப்பீட்டு அட்டையில் சிகிச்சை நடந்தாலும், கைக்காசு போட்டு வாங்கிய மருந்துக்குச் சீட்டு வேண்டும்.

இன்னொன்று, இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: அவசரப் பிரிவில் 'வீட்டில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லாதீர்கள். முதலாளி முகத்துக்காகச் சொல்லும் அந்த ஒரு வரி பிறகு உங்களுக்கு எதிராகவே நிற்கும். வேலையிடத்தில் என்றே எழுதச் சொல்லுங்கள்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குச் சிகிச்சை இ.எஸ்.ஐ. மூலமே. சம்பளத்துக்கு இல்லாமல் மீன் வருமானத்தில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர்கள், படகு உரிமையாளர்தான் முதலாளி என்பதை முதலில் காட்ட வேண்டிவரும், அது லேசில்லை. கோருவதற்குக் கெடு பொதுவாக 2 ஆண்டு.