ஐஎஃப்கான்ஃபிக் ஸ்கிரிப்டுகளை உடைக்காமல் ஐபி கட்டளைக்கு மாறுவது எப்படி?

லினக்ஸில் நெட்வொர்க்கை அமைக்க இரண்டு தலைமுறைக் கருவிகள் இருக்கின்றன. பழையது ஐஎஃப்கான்ஃபிக். 1983-இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி வழியாக வந்த பெயர் அது. புதியது ஐபி. அலெக்ஸி குஸ்னெட்சோவ் எழுதிய ஐப்ரூட்2 தொகுப்பைச் சேர்ந்தது; 1999-இல் வந்த லினக்ஸ் 2.2 காலத்திலிருந்தே இருக்கிறது. பழையது ஐஆக்டில் என்ற வழியில் கர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதி) பேசுகிறது, புதியது நெட்லிங்க் வழியில். கர்னல் இரண்டு வாசலையும் இன்றுவரை திறந்தே வைத்திருக்கிறது.

அப்படியானால் சிக்கல் எங்கே? பல வினியோகங்கள் ஐஎஃப்கான்ஃபிக்கை இப்போது தானாக நிறுவுவதில்லை. டெபியன் 9-இலிருந்தே, அதாவது 2017-இலிருந்தே, நாமாகக் கேட்டு நிறுவினால்தான் அது கிடைக்கும். அதனால் பழைய ஸ்கிரிப்டைத் திறந்து ஐஎஃப்கான்ஃபிக் வரியை அப்படியே ஐபி அட்ரஸ் ஆட் வரியாக மட்டும் மாற்றிவிடுகிறார்கள். பிழைச் செய்தி ஒன்றும் வராது, ஆனால் நெட்வொர்க் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பழைய கருவி சொல்லாமலே செய்துவந்த வேலைகளைக் கண்டுபிடித்து, அவற்றைப் புதியதில் வெளிப்படையாக எழுதுவதுதான் இங்கே நம் வேலை.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

படி 1: ஆபத்தில்லாத இடத்தில் தொடங்குங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் கை வைக்க வேண்டாம், முக்கியமாக எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து உள்ளே வந்திருந்தால். இதை அடியுங்கள்:

சூடோ அன்ஷேர் -என் பாஷ்

இப்போது நீங்கள் இருப்பது தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ், அதாவது வெளியுலகிலிருந்து பிரிக்கப்பட்ட நெட்வொர்க் அறை. இங்கே எதை உடைத்தாலும் வெளியே ஒன்றும் ஆகாது. எக்ஸிட் கொடுத்தால் எல்லாம் மறைந்துவிடும். சோதனைக்கு ஒரு போலி இடைமுகம் (நெட்வொர்க் கார்டு போல நடிக்கும் ஒன்று) உருவாக்குங்கள்:

ஐபி லிங்க் ஆட் டம்0 டைப் டம்மி

ஐஎஃப்கான்ஃபிக் இல்லையென்றால் நெட்-டூல்ஸ் தொகுப்பை முன்கூட்டியே நிறுவிக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கவாவது அது வேண்டும்.

படி 2: பழையது சொல்லாமல் செய்வதைப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். முதலில் பழைய முறை:

ஐஎஃப்கான்ஃபிக் டம்0 10.0.0.5

ஐபி அட்ரஸ் ஷோ டம்0 என்று கேட்டுப் பாருங்கள். 10.0.0.5/8 என்று இருக்கும் (முகவரியின் முதல் 8 பிட் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று பொருள்). பிராட்காஸ்ட் முகவரி (அந்த நெட்வொர்க்கில் எல்லோருக்கும் அனுப்ப உதவுவது) போட்டிருக்கும். இடைமுகமும் அப் நிலைக்கு வந்திருக்கும். நாம் கொடுத்தது முகவரி ஒன்றுதான், நடந்ததோ மூன்று வேலை.

டம்0-வை அழித்துவிட்டு (ஐபி லிங்க் டெல் டம்0) மறுபடி உருவாக்கி, புதிய முறையில் செய்யுங்கள்:

ஐபி அட்ரஸ் ஆட் 10.0.0.5 டெவ் டம்0

இப்போது 10.0.0.5/32 என்று வரும். பிராட்காஸ்ட் இல்லை. இடைமுகம் டவுன் நிலையிலேயே கிடக்கும்.

மாஸ்க் (நெட்வொர்க் பகுதி எத்தனை பிட் என்று சொல்வது) கொடுக்காவிட்டால் பழைய முறை ஏ, பி, சி வகுப்புக் கணக்கைப் பார்க்கும். முதல் எண் 127 வரை என்றால் /8, 128 முதல் 191 வரை /16, 192 முதல் 223 வரை /24. புதியது எதையும் ஊகிக்காது, கொடுத்த முகவரியை ஒற்றை முகவரியாகவே எடுத்துக்கொள்ளும். /8 என்றால் 1,67,77,216 முகவரிகள் நேரடியாக எட்டும் தூரத்தில் இருப்பதாகக் கணினி நம்பும். /32 என்றால் பக்கத்து இயந்திரத்துக்குக்கூட வழி தெரியாது. ஊகிக்காமல் இருப்பதுதான் சரி என்பது என் கருத்து. ஆனால் பழைய ஸ்கிரிப்ட் அந்த ஊகத்தை நம்பி எழுதப்பட்டிருக்கலாம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு, இது இன்னும் ஆபத்தானது. ஐஎஃப்கான்ஃபிக்கில் இரண்டாவது முறை வேறு முகவரி கொடுத்தால் முந்தையது போய் அந்த இடத்தில் புதியது உட்காரும். ஐபி அட்ரஸ் ஆட் இரண்டாவதைக் கூடுதலாகச் சேர்க்கும். இப்படி வரியை மட்டும் மாற்றிய ஸ்கிரிப்டை நாலு முறை வேறு வேறு முகவரியோடு ஓட்டினால் நாலு முகவரியும் அப்படியே தங்கிவிடும்.

படி 3: ஒன்றின் வேலை மற்றொன்றுக்குத் தெரியட்டும்

ஒரே இடைமுகத்தில் ஐபி கட்டளையால் இரண்டு முகவரி சேர்த்துவிட்டு ஐஎஃப்கான்ஃபிக்கில் பார்த்தால் முதலாவது மட்டும்தான் தெரியும். இரண்டாவது வேலை செய்யும், ஆனால் கண்ணுக்குப் படாது. பழைய கருவிக்கு ஒரு பெயருக்கு ஒரு முகவரிதான். அதனால் இரண்டாவதுக்கு ஒரு லேபிள் கொடுங்கள்:

ஐபி அட்ரஸ் ஆட் 192.0.2.11/24 டெவ் டம்0 லேபிள் டம்0:1

இப்போது டம்0:1 என்று தனியாகத் தெரியும். லேபிள் இடைமுகத்தின் பெயரில் தொடங்க வேண்டும், மொத்தம் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஐஎஃப்கான்ஃபிக் டம்0:1 டவுன் என்றால் அந்த முகவரி நீக்கப்படும், டம்0 அப்படியே இருக்கும். பழைய கண்காணிப்பு ஸ்கிரிப்டுகள் இருக்கும் இடத்தில் லேபிள் போடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வழித்தட அட்டவணையிலும் இதே கதைதான். ரூட் -என் மெயின் அட்டவணையை மட்டும் காட்டும். வேறு அட்டவணைகளில் இருப்பவற்றைப் பார்க்க ஐபி ரூல், பிறகு ஐபி ரூட் ஷோ டேபிள் ஆல்.

படி 4: மொழிபெயர்ப்பு ஸ்கிரிப்ட்

ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த வேண்டியதில்லை. ஸ்கிரிப்டில் உள்ள பழைய அழைப்பை வாங்கி ஐபி கட்டளையாக மாற்றித் தரும் சின்ன ஷெல் ஃபங்ஷன் ஒன்று போதும். ஐஎஃப்கான்ஃபிக் டம்0 192.0.2.10 நெட்மாஸ்க் 255.255.255.0 என்ற அழைப்பு வந்தால் அது இரண்டு வரியை ஓட்ட வேண்டும்:

ஐபி அட்ரஸ் ஆட் 192.0.2.10/255.255.255.0 பிராட்காஸ்ட் + டெவ் டம்0
ஐபி லிங்க் செட் டம்0 அப்

மாஸ்கை முழு வடிவிலேயே கொடுக்கலாம், ஐபி கட்டளை புரிந்துகொள்ளும். மாஸ்க் வராத அழைப்பு என்றால் மேலே சொன்ன வகுப்புக் கணக்கைப் போட்டு, கூடவே ஒரு எச்சரிக்கை வரியையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்த ஸ்கிரிப்டை முதலில் திருத்துவது என்று அந்தப் பதிவேடே காட்டிவிடும்.

முந்தைய முகவரியின் இடத்தில் புதியதை வைக்கும் பழைய குணத்தையும் காப்பாற்ற வேண்டுமே? அதற்கு முதலில் இருந்த முகவரியை மட்டும் ஐபி அட்ரஸ் டெல் மூலம் நீக்கிவிட்டுப் புதியதைச் சேருங்கள். ஒரு கவனம்: முதன்மை முகவரியை நீக்கினால் அதே சப்நெட்டின் (ஒரே நெட்வொர்க் பகுதியின்) மற்ற முகவரிகளும் கூடவே போய்விடலாம். ப்ரொமோட்_செகண்டரீஸ் என்ற கர்னல் அமைப்பு 1 ஆக இருந்தால் போகாது. சிஸ்டம்டி (கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் நிரல்) உள்ள பல கணினிகளில் அது ஏற்கனவே 1-தான், ஆனாலும் சரிபார்த்துவிடுங்கள்.

முகவரியைப் படித்தெடுக்கும் ஸ்கிரிப்டுகளுக்கு இந்த வழி வேண்டாம். ஐஎஃப்கான்ஃபிக்கின் வெளியீட்டு வடிவமே நடுவில் ஒருமுறை மாறி, "ஐநெட் ஆடர்:" என்று தேடிய ஸ்கிரிப்டுகள் வெறுங்கையோடு நின்றன. அவற்றை ஐபி -ஜே அட்ரஸ் தரும் ஜேசான் என்ற தரவு வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 5: ஒரு இடைமுகத்துக்கு ஒரே பொறுப்பாளர்

ரீபூட்டுக்குப் பிறகும் அமைப்பு நிலைக்க வேண்டுமென்றால் அதைக் கோப்பில் எழுத வேண்டும். டெபியனின் பழைய இன்டர்ஃபேஸஸ் கோப்பும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரலும் ஒன்றாக இருக்கலாம். அந்தக் கோப்பில் பெயர் உள்ள இடைமுகத்தை நெட்வொர்க்மேனேஜர் இயல்பாகத் தொடாது. உபுண்டுவில் நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கருவி இருந்தால் நெட்பிளான் ட்ரை கொடுத்துப் பாருங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

படி 6: ஒப்பிட்டுப் பாருங்கள்

இரண்டு புதிய நேம்ஸ்பேஸ் திறங்கள். ஒன்றில் உண்மையான ஐஎஃப்கான்ஃபிக்கோடு பழைய ஸ்கிரிப்ட், மற்றதில் உங்கள் மொழிபெயர்ப்போடு அதே ஸ்கிரிப்ட். முடிந்ததும் இரண்டிலும் ஐபி -ஜே அட்ரஸ், ஐபி -ஜே ரூட் வெளியீட்டைக் கோப்பில் எடுத்து, டிஃப் கட்டளையால் வேறுபாட்டைப் பாருங்கள். எம்ஏசி முகவரியும் (இடைமுகத்தின் வன்பொருள் முகவரி) அதிலிருந்து உருவாகும் ஐபிவி6 முகவரியும் வேறாக வரும்; டம்மி இடைமுகத்துக்குக் கர்னல் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைப் போட்டுக்கொடுக்கிறது, அதை விட்டுவிடலாம். பிரிஃபிக்ஸ் (/8, /24 போன்ற எண்), பிராட்காஸ்ட், லேபிள், அப் நிலை ஆகியவற்றில் ஒன்று வேறுபட்டாலும் படி 4-க்குத் திரும்புங்கள்.